சுற்றளவும் பரப்பளவும்: டெல்டாப் பிள்ளைகளுக்கு எந்தக் கணக்குகளைக் கொடுக்கலாம்?

வலங்கைமான் ஆசிரியை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். நான் ஒரு தொடக்கப்பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். செவ்வகத்தின் நீளத்தையும் அகலத்தையும் கரும்பலகையில் எழுதிச் சுற்றளவும் பரப்பளவும் கேட்டால், என் வகுப்பில் பெரும்பாலானவர்கள் சரியாகச் செய்துவிடுகிறார்கள். அதே எண்களை ஒரு வாழ்க்கைக் கணக்குக்குள் வைத்துக் கொடுத்தால், பாதிப் பேர் கூட்ட வேண்டிய இடத்தில் பெருக்குகிறார்கள், பெருக்க வேண்டிய இடத்தில் கூட்டுகிறார்கள். காரணத்தைத் தேடிப் பார்த்தபோது, அவர்கள் கணக்கைப் படிப்பதே இல்லை என்பது தெரிந்தது. "சுற்றி", "வேலி" என்று வந்தால் கூட்டு, "தரை", "ஓடு" என்று வந்தால் பெருக்கு என்று தாங்களாகவே ஒரு குறுக்குவழியை வைத்திருக்கிறார்கள். அந்தச் சொற்கள் இல்லாத கணக்கைக் கொடுத்தால் கைவிட்டுவிடுகிறார்கள்.

இதில் பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வழிகாட்டி நூல்களில் திரும்பத் திரும்ப வரும் கணக்கு என்ன? "ஒரு விவசாயி தன் வயலைச் சுற்றிக் கம்பி வேலி அமைக்கிறார்." நம் பகுதியில் நெல் வயலுக்கு யார் கம்பி வேலி போடுகிறார்கள்? கொல்லைக்குப் போடுவார்கள், வாழைத் தோட்டத்துக்குப் போடுவார்கள். வயலுக்கு இருப்பது வரப்பு. வயலை நேரில் அறிந்த பிள்ளைக்கு, இந்தக் கணக்கு தன் ஊரைப் பற்றியது அல்ல என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடுகிறது. அதன் பிறகு அந்தப் பிள்ளை நிலத்தை மனத்தில் பார்க்காமல் சொல்லைத் தேடுவதில் வியப்பு எதுவும் இல்லை.

ஆகவே இந்த ஆண்டு ஒரே ஒரு வயலை எடுத்துக்கொண்டு, அதைப் பற்றியே எல்லாக் கேள்விகளையும் கேட்கத் தொடங்கியிருக்கிறேன். பக்கத்துக்கு 120 அடி உள்ள சதுர வயல் அது. பன்னிரண்டு அடிக் கோலால் அளந்தால் ஒரு பக்கத்துக்குப் பத்துக் கோல். ஒரு கோலுக்கு ஒரு கோல் சதுரம், அதாவது 144 சதுர அடி, ஒரு குழி. எனவே இந்த வயலில் பத்துக்குப் பத்தாக நூறு குழி இருக்கிறது. நூறு குழி ஒரு மா. பிள்ளைகளின் வீடுகளில் தாத்தாக்கள் இன்றும் "மூணு மா நடவு" என்றுதான் பேசுகிறார்கள். கட்டம் போட்ட தாளில் பத்துக்குப் பத்துக் கட்டம் வரைந்தால் அந்த மா அப்படியே கண்முன் நிற்கிறது.

இந்த வயலைப் பற்றிக் கேட்கும்போது "சுற்றளவு", "பரப்பளவு" என்ற இரண்டு சொற்களையும் நான் சொல்வதில்லை. வரப்பு ஓரம் முழுவதும் உளுந்து ஊன்ற வேண்டும், எவ்வளவு தூரம் நடக்க வேண்டும்? வயல் முழுவதும் நாற்று நட வேண்டும், எத்தனை குழிக்கு நாற்று வேண்டும்? முதல் கேள்விக்கு 480 அடி, இரண்டாவதற்கு 100 குழி. வயல் ஒன்றுதான், கேள்விகள் வேறு. எது நடையால் அளக்கப்படுகிறது, எது நாற்றால் நிரப்பப்படுகிறது என்பதைப் பிள்ளை தானே முடிவு செய்ய வேண்டும்.

உங்கள் வகுப்பிலோ வீட்டிலோ இப்படிப் பயன்பட்ட கணக்குகள் இருந்தால் எழுதுங்கள். இதில் குறை தெரிந்தாலும் தயங்காமல் சொல்லுங்கள்.

பாபநாசம் தன்னார்வலர்

வணக்கம் அம்மா. நான் இல்லம் தேடிக் கல்வி மையத்தில் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். நீங்கள் சொல்லும் குறுக்குவழியை நானும் பார்க்கிறேன். அதை உடைக்க நான் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இந்த வேலை முடியும்போது கடையில் வாங்கிய எந்தப் பொருள் தீர்ந்திருக்கும்?" கயிறு, நாடா, கம்பி, சரவிளக்கு போன்றவை தீர்ந்தால் அது நீளம். பெயின்ட், ஓடு, விதை, சாணம் போன்றவை தீர்ந்தால் அது பரப்பு. சூத்திரத்தை அதற்குப் பிறகுதான் எழுத விடுகிறேன்.

ஆறடிக்கு மூன்றடிக் கோரைப் பாயைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அதன் ஓரம் முழுவதும் துணிக்கரை தைக்க 18 அடி நாடா வேண்டும்; அந்தப் பாய் மறைக்கும் தரையும் 18 சதுர அடிதான். இரண்டு விடைக்கும் ஒரே எண் வருவதால், தவறான வழியில் போன பிள்ளையும் சரியான எண்ணோடு வந்து நிற்கும். நான்கடிச் சதுரத்திலும் இதே நிலைதான்: 16 அடி, 16 சதுர அடி. முதல் பாடத்தில் இந்த அளவுகளைத் தவிர்ப்பது நல்லது. பிறகு வேண்டுமென்றே கொடுத்து, "இரண்டும் பதினெட்டு என்றால் இரண்டும் ஒன்றா?" என்று கேட்கலாம். என் மையத்தில் அந்த ஒரு கேள்வியால் நடந்த விவாதத்தில் பிள்ளைகள் அடியையும் சதுர அடியையும் பிரித்துப் பேசக் கற்றுக்கொண்டார்கள்.

அதே பாயை வைத்து இன்னொன்றும் கேட்கலாம். பத்தடிக்கு ஒன்பதடி அறை. தரை முழுவதும் பாய் விரிக்க எத்தனை பாய் வேண்டும்? 90-ஐ 18-ஆல் வகுத்து ஐந்து என்று எல்லோரும் எழுதுவார்கள். தாளில் ஐந்து பாய்களை வெட்டி அடுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். எப்படித் திருப்பி வைத்தாலும் அடங்காது. மூன்றையும் ஆறையும் எத்தனை முறை கூட்டினாலும் பத்தடி வராது என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். வகுத்தலில் வந்த ஐந்து பரப்பைப் பற்றி மட்டுமே சொல்கிறது, பாயின் வடிவத்தைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை என்பது அப்போது புரியும்.

கும்பகோணம் கணித ஆசிரியர்

இருவரின் ஆர்வத்தையும் மதிக்கிறேன். ஆனால் உயர்நிலை வகுப்புகளில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கணிதம் எடுப்பவன் என்ற முறையில் சில மறுப்புகளைச் சொல்லியாக வேண்டும்.

முதலாவது, அலகுகள். பாடநூலில் குழியும் இல்லை, மாவும் இல்லை. மீட்டர், சென்டிமீட்டர், சதுர மீட்டர், ஹெக்டேர் ஆகியவைதான் இருக்கின்றன. அடியிலும் கோலிலும் பழகிய பிள்ளை ஆறாம் வகுப்பில் மீண்டும் முதலிலிருந்து தொடங்க நேரும். என்னிடம் வரும் பிள்ளைகளிடம் நான் காணும் பெரும் பிழை எது தெரியுமா? ஒரு மீட்டருக்கு 100 சென்டிமீட்டர் என்பதால், ஒரு சதுர மீட்டருக்கு 100 சதுர சென்டிமீட்டர் என்று எழுதுவது. பத்தாயிரம் என்று எழுதுபவர்கள் மிகக் குறைவு. உங்கள் மா கணக்கு இதைச் சரிசெய்யுமா?

இரண்டாவது, நேரம். ஒரே வயலைப் பற்றிப் பத்துக் கேள்விகள் கேட்டால், மற்ற பாடங்களை எப்போது முடிப்பது? மூன்றாவது, சூத்திரத்தைத் தள்ளிப்போடுவது எப்போதும் நன்மை தராது. சூத்திரம் கைவந்த பிள்ளைக்குத்தான் கணக்கைப் பற்றிச் சிந்திக்க மனத்தில் இடம் மிச்சம் இருக்கும்.

வலங்கைமான் ஆசிரியை

ஐயா, அலகு பற்றிய உங்கள் மறுப்பு நியாயமானது. மீட்டரைக் கைவிட வேண்டும் என்பது என் எண்ணம் அன்று. சதுர மீட்டரையும் வயலிலேயே கற்றுக்கொடுக்கலாம் என்று கருதுகிறேன்.

செம்மை நெல் சாகுபடியில் 25 சென்டிமீட்டருக்கு 25 சென்டிமீட்டர் இடைவெளியில் நடுகிறார்கள். ஒரு சதுர மீட்டரில் எத்தனை குத்து (நாற்று ஊன்றும் இடம்) வரும் என்று கேட்டால், 100-ஐ 25-ஆல் வகுத்து நான்கு என்றுதான் முதலில் சொல்கிறார்கள். மீட்டர்க் கோலை வைத்துத் தரையில் ஒரு சதுர மீட்டர் வரைந்து, சுண்ணாம்புக் கட்டியால் 25 சென்டிமீட்டருக்கு ஒரு கோடாக இரு திசையிலும் போட்டால், பதினாறு கட்டம் தெரிகிறது. கட்டத்துக்கு ஒரு குத்து. நான்கு வரிசை, வரிசைக்கு நான்கு. பக்கம் நான்கு மடங்கானால் பரப்பு பதினாறு மடங்காகிறது என்பதை நான் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. இந்தப் பிடி கிடைத்த பிள்ளையிடம் சதுர மீட்டரில் எத்தனை சதுர சென்டிமீட்டர் என்று கேட்டால், நூறு வரிசை, வரிசைக்கு நூறு என்று அதே வழியில் போகும் என்று நம்புகிறேன்.

ஹெக்டேருக்கும் ஒரு நல்ல கணக்கு இருக்கிறது. நெல்லுக்கான பயிர் அறுவடைப் பரிசோதனையில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் அளந்து, அந்த 25 சதுர மீட்டரில் விளைந்ததை மட்டும் அறுத்து எடைபோடுவார்கள். பயிர்க் காப்பீட்டுக்கு அந்த எடைதான் அடிப்படை என்பதால், பிள்ளைகளின் வீடுகளில் இதைப் பற்றிய பேச்சு இருக்கவே செய்கிறது. ஒரு ஹெக்டேர் 10,000 சதுர மீட்டர், அதாவது அந்தத் துண்டைப் போல 400 மடங்கு. துண்டில் 12 கிலோ கிடைத்தால் ஹெக்டேருக்கு 4,800 கிலோ. இப்போது, "அளக்கும்போது கயிறு தளர்ந்து பக்கம் ஐந்தரை மீட்டராகிவிட்டால் என்ன ஆகும்?" என்று கேளுங்கள். 25 என்று எழுதிய இடத்தில் உண்மையில் இருப்பது 30.25 சதுர மீட்டர். பக்கத்தில் பத்தில் ஒரு பங்கு பிழை, பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் பிழையாகிறது. அது விளைச்சலைக் கூட்டிக் காட்டும், அதனால் இழப்பீடு குறையலாம். அளவு ஏன் சரியாக இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட அழுத்தமான காரணத்தை என்னால் சொல்ல முடியவில்லை.

நேரத்தைப் பற்றி: ஒரே வயலைத் தொடர்வதால் நேரம் மிச்சமாகிறது என்பது என் அனுபவம். ஒவ்வொரு கணக்குக்கும் புதிய இடத்தையும் புதிய மனிதரையும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை.

நீடாமங்கலம், ஓய்வுபெற்ற நில அளவையர்

பள்ளிக்கூட முறைகளைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை. நிலத்தைப் பற்றிச் சொல்லலாம்.

அலகுகளின் குழப்பம் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதன்று. வீட்டில் மா என்கிறோம், பத்திரத்தில் ஏக்கர், சென்ட் என்று இருக்கிறது, பட்டாவில் ஹெக்டேர், ஏர் (நூறு சதுர மீட்டர்) என்று இருக்கிறது. ஆசிரியை சொன்ன ஒரு மா 14,400 சதுர அடி. சென்டில் 33-க்குச் சற்று மேல், ஏரில் சுமார் 13.4. மூன்று மா 43,200 சதுர அடி. ஏக்கர் 43,560 சதுர அடி. அதனால்தான் மூன்று மாவை ஏக்கர் என்று பேச்சுவழக்கில் சொல்லிவிடுகிறார்கள். இருபது மா ஒரு வேலி. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளிலும் நிலம் வேலியிலும் மாவிலும்தான் சொல்லப்பட்டிருக்கிறது. இந்த அலகுகளைப் பள்ளியில் சொல்லாமல் விட்டால், பெரியவர்கள் நிலம் பற்றிப் பேசும்போது பிள்ளை வெளியாளாக நிற்கும். கணித ஆசிரியர் ஐயா இதையும் கருத வேண்டும்.

நான் வலியுறுத்த விரும்புவது வேறொன்று. எல்லா வயலும் செவ்வகமில்லை. ஊர்ப்புறத்தில் எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, இரண்டு சராசரிகளையும் பெருக்கிப் பரப்பைச் சொல்லும் வழக்கம் உண்டு. நாற்கர நிலத்தில் அந்த வழி ஒருபோதும் குறைத்துக் காட்டாது. செவ்வகமாக இருந்தால் மட்டும் சரியாக இருக்கும், மற்ற எல்லா வடிவிலும் கூட்டியே காட்டும். நான்கு பக்கமும் 120 அடியாக இருந்து, வயல் சாய்ந்து, குறுக்கே ஒரு மூலைவிட்டமும் 120 அடியாக இருந்தால், சராசரி வழியில் நூறு குழி வரும். உண்மையில் அங்கே இருப்பது சுமார் 12,470 சதுர அடி, ஏறக்குறைய 86½ குழி. நூறு குழிக்கு விலை கொடுத்தவர் பதின்மூன்று குழிக்கு மேல் இழக்கிறார். வரப்பின் நீளமோ இரண்டிலும் அதே 480 அடி.

இதை வகுப்பில் காட்டுவது எளிது. ஒரே நீளமுள்ள நான்கு மூங்கில் குச்சிகளை மூலைகளில் நூலால் கட்டிச் சதுரமாக்கி, மெல்லச் சாய்த்துக்கொண்டே போகச் சொல்லுங்கள். குச்சி எதுவும் நீளவும் இல்லை, குறையவும் இல்லை. உள்ளே உள்ள இடம் மட்டும் குறைந்துகொண்டே போகும். புலப்படத்தில், அதாவது நில அளவை வரைபடத்தில், பக்க அளவுகளோடு நிற்காமல், உள்ளே கோடு போட்டு நிலத்தை முக்கோணங்களாகப் பிரித்து அளவு எழுதியிருப்பது எதற்காக என்பதும் அப்போது விளங்கும்.

மன்னார்குடி, ஒரு தாய்

நான் ஆசிரியை அல்ல, ஐந்தாம் வகுப்பு படிக்கும் பெண்ணின் தாய். ஹரித்ராநதி என்ற எங்கள் ஊர்க் குளத்தின் கரையைச் சுற்றி மாலையில் நடப்போம். அதன் நீளம் 1,158 அடி, அகலம் 837 அடி என்று சொல்வார்கள். இந்த இழையைப் படித்துவிட்டு மகளிடம் இரண்டு கணக்கையும் போடச் சொன்னேன். சுற்றி வந்தால் 3,990 அடி. பரப்பு 9,69,246 சதுர அடி, ஏறக்குறைய 22¼ ஏக்கர். "பரப்பளவு எப்பவுமே சுற்றளவைவிடப் பெரிசு" என்று மகள் உறுதியாகச் சொல்கிறாள். இதற்கு என்ன பதில் சொல்வது?

இன்னொரு கேள்வியும் எழுந்தது. எங்கள் குடும்பத்தில் ஒரு வயலை அண்ணன் தம்பி இருவரும் நடுவில் வரப்பு போட்டுப் பிரித்துக்கொண்டார்கள். பரப்பைப் பாதியாக்கினால் வரப்பும் பாதியாகும் என்று மகள் நினைத்தாள்.

பாபநாசம் தன்னார்வலர்

அம்மா, முதல் கேள்விக்கு, மூன்றடிக்கு இரண்டடிப் பலகை ஒன்றைக் கொடுங்கள். சுற்றளவு 10 அடி, பரப்பு 6 சதுர அடி. பிறகு ஹரித்ராநதியை அடிக்குப் பதிலாக மைலில் எழுதச் சொல்லுங்கள். சுற்றளவு முக்கால் மைல். பரப்பு ஒரு சதுர மைலில் முப்பதில் ஒரு பங்குக்குச் சற்றே மேல் என்ற அளவில் தங்கிவிடும். குளம் மாறவில்லை, எண்களின் வரிசை மாறிவிட்டது. அடியையும் சதுர அடியையும் பெரிது சிறிது என்று ஒப்பிட முடியாது என்பது அதில் தெரிந்துவிடும்.

பாகப் பிரிவினைக் கணக்கு அருமையானது. ஆசிரியையின் ஒரு மாவையே நடுவில் பிரித்தால், ஒவ்வொருவருக்கும் 120 அடிக்கு 60 அடி. பரப்பு ஐம்பது குழி, ஐம்பது குழி; கூட்டினால் நூறு. வரப்போ ஆளுக்கு 360 அடி, கூட்டினால் 720. ஆனால் வயலில் இருக்கும் வரப்பு 600 அடிதான். நடுவரப்பு 120 அடியை அண்ணனும் எண்ணுகிறார், தம்பியும் எண்ணுகிறார். பரப்பைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கூட்டலாம், சுற்றளவை அப்படிக் கூட்ட முடியாது என்பதற்கு இதுவே போதும்.

கும்பகோணம் கணித ஆசிரியர்

மூங்கில் குச்சியும் பாகப் பிரிவினையும் என்னைச் சற்று அசைத்துவிட்டன என்பதைச் சொல்ல வேண்டும். ஏழாம் வகுப்பில் இணைகரத்தின் பரப்பை நடத்தும்போது பிள்ளைகள் பக்கத்தையும் பக்கத்தையும் பெருக்குவது ஏன் என்பது இப்போது தெளிவாகிறது. சுற்றளவு மாறாவிட்டால் பரப்பும் மாறாது என்ற நம்பிக்கையோடுதான் அவர்கள் வருகிறார்கள்.

ஆசிரியையின் வயலுக்கு என் பங்காக ஒரு கணக்கு. ஒரு மூலையில், பன்னிரண்டு அடிச் சதுரத்தில், பம்புசெட் கொட்டகை போடுகிறார்கள். நடவுப் பரப்பு 99 குழியாகிறது. நடவு நிலத்தின் எல்லையை இப்போது நடந்து அளந்தால் எவ்வளவு? 480 அடிதான். மூலையில் இழந்த இரண்டு பக்கங்களுக்கு ஈடாகக் கொட்டகையின் மற்ற இரண்டு பக்கங்கள் வந்துவிடுகின்றன. அதே கொட்டகையை வரப்பின் நடுவில் ஒட்டிப் போட்டால், பரப்பு அதே 99 குழி, எல்லையோ 504 அடி. இடம் குறைந்தும் எல்லை கூடுகிறது. இதை வாய்ப்பாடாக மனப்பாடம் செய்ய முடியாது; வரைந்து பார்த்தே ஆக வேண்டும்.

சூத்திரம் பற்றிய என் கருத்து மட்டும் மாறவில்லை. இத்தனை கேள்விகளுக்குப் பிறகும், சூத்திரத்தை எழுதிப் பழகும் பயிற்சி தனியாகத் தேவை. வயலில் புரிந்துகொண்டதைத் தேர்வுத்தாளில் விரைவாக எழுதத் தெரியாத பிள்ளைக்கு மதிப்பெண் இழப்பு உண்மையானது. அதை நாம் பொருட்படுத்தாமல் இருக்க முடியாது.

வலங்கைமான் ஆசிரியை

ஏற்றுக்கொள்கிறேன் ஐயா. பயிற்சிக்கு வாரத்தில் ஒரு நாளை ஒதுக்குகிறேன்.

அடுத்த வாரத்துக்கு இரண்டு கணக்குகளை எழுதியிருக்கிறேன். முதலாவது: ஒரு மா வயலின் எல்லைக்குள்ளேயே நான்கு பக்கமும் ஓரடி அகலத்துக்கு வரப்பு போட்டால் எவ்வளவு நடவு இடம் போகும்? 480 அடி நீளம், ஓரடி அகலம், ஆகவே 480 சதுர அடி என்று வரும். உள்ளே மிஞ்சும் 118 அடிச் சதுரத்தை 14,400-இலிருந்து கழித்தால் 476 என்று வரும். அந்த நான்கு சதுர அடி எங்கே போயிற்று என்று மூலைகளைத் தேட வைக்க வேண்டும்.

இரண்டாவது, திருவாரூரைப் பற்றி நாம் எல்லோரும் சிறுவயதிலிருந்து கேட்டது: கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி. ஐந்து வேலி நூறு மா, பத்தாயிரம் குழி. அது சரியான சதுரமாக இருந்தால் பக்கத்துக்கு நூறு கோல், சுற்றி வர 400 கோல். அதே ஐந்து வேலி பத்துக் கோல் அகலமுள்ள நேரான ஓடையாக இருந்தால்?

மன்னார்குடி, ஒரு தாய்

மகள் போட்டுவிட்டாள். நீளம் ஆயிரம் கோல், சுற்றி வர 2,020 கோல், அதாவது 24,240 அடி. ஏழு கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. சதுரக் குளத்தைச் சுற்றினால் ஒன்றரைக் கிலோமீட்டர்கூட இல்லையே, இரண்டும் ஐந்து வேலிதானா என்று மறுபடியும் கட்டம் போட்டுப் பார்க்கிறாள். ஓடையின் அகலத்தை ஒரு கோலாக்கினால் என்ன ஆகும் என்று அவளே கேட்டுக்கொண்டு, அதையும் போடத் தொடங்கியிருக்கிறாள்.